தண்டின் நீளமும் வள்ளத்தின் வடிவமும்: இலங்கைக் கடற்றொழில் இயந்திரமயமானமை பற்றிய ஒரு நோக்கு

1

உற்பத்திக் கருவிகளின் வரலாறு எழுதப்படும்பொழுது, புதிய கருவி வந்துசேர்ந்த ஆண்டும் அதனாற் பெருகிய உற்பத்தியின் அளவுமே பெரும்பாலும் பதிவுபெறுகின்றன. வந்த கருவி முன்பிருந்த கருவிகளோடும் கைத்திறனோடும் எவ்விடத்திற் பொருந்தியது, எவ்விடத்திற் பொருந்தாது போயிற்று, பொருந்தாதவிடத்து விட்டுக்கொடுத்தது எது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இலங்கைக் கடற்றொழில் இயந்திரமயமானமை பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்கானவை அல்ல. படகுகளின் தொகை, கடன் திட்டங்கள், மானியங்கள், மீன் உற்பத்தி ஆகியன பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆயின், ஓர் இயந்திரத்தை ஒரு வள்ளத்திற் பூட்டுதல் என்னும் செயல், தச்சருக்கும் திருத்துநருக்கும் உரிய சில்லறை விவகாரமாகவே கருதப்பட்டு வந்துள்ளது.

இக்கட்டுரை அச்செயலின் ஒரு கூறினை மாத்திரம் எடுத்து நோக்க முற்படுகின்றது. படகின் பின்புறத்தே வெளியே மாட்டப்படும் இயந்திரத்தைக் கரையோர மக்கள் ‘அவுட்போட்’ என்பர். திணைக்கள ஆவணங்கள் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று குறிப்பிடும். இவ்வியந்திரத்தின் தண்டு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது சில அங்குலங்கள் பற்றிய வினாவே. எனினும், அந்தச் சில அங்குலங்களில் ஒரு கருவி எந்தச் சமூகத்திற்காக ஆக்கப்பட்டது என்பதும், பிறிதொரு சமூகத்தில் அது நுழையும்பொழுது அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதும் துலக்கமாகத் தெரிகின்றன என்பது எமது கருத்தாகும்.

2

முதலில் இயந்திரத்தின் அமைப்பினைச் சுருக்கமாக விளக்குதல் அவசியமாகும். வெளியிணைப்பு இயந்திரம் மூன்று பகுதிகளைக் கொண்டது. மேலே எரிபொருளை எரித்து விசை பிறப்பிக்கும் தலைப்பகுதி. கீழே நீரினுள் நின்று சுழலும் விசிறி. இவ்விரண்டினையும் இணைக்கும் நிலைக்குத்தான தண்டு. தலைப்பகுதிக்குக் கீழேயுள்ள பிடி, படகின் பின்பலகையினது மேல்விளிம்பில் மாட்டப்பட்டு இறுக்கப்படும். விசிறிக்குச் சற்று மேலே கிடையான ஒரு தகடு உண்டு. நீரின் மேற்பரப்பிலிருந்து காற்று விசிறியினுள் இழுக்கப்படாமற் காப்பது அத்தகட்டின் பணி. அத்தகடு படகின் அடிமட்டத்திற்கு நேராகவோ, ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழாகவோ அமைவதே சரியான பொருத்தம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே, பின்பலகையின் உயரமும் தண்டின் நீளமும் ஒன்றுக்கொன்று இசைந்திருத்தல் வேண்டும். தொழிற்சாலைகள் பெரும்பாலும் 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்னும் மூன்று அளவுகளிலேயே தண்டினை ஆக்குகின்றன.

உயர்ந்த பின்பலகையிற் குட்டைத் தண்டு மாட்டப்படின், விசிறி நீர்மட்டத்தை அணுகி நிற்கும். அலையிற் படகின் பின்புறம் தூக்கப்படும் ஒவ்வொரு தடவையும் அது நீரோடு காற்றையும் அள்ளும். இயந்திரம் வெறிகொண்டு சுழலும், படகோ முன்னேறாது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உட்புகும் துளையும் கீழ்ப்பகுதியிலேயே உள்ளமையால், அது நீருக்கு மேலே வருமாயின் குளிர்நீர் அறுந்து இயந்திரம் கொதிக்கும். நீரை ஏற்றும் இறப்பர்ச் சில்லு உலர்ந்து கருகும். ஈற்றில் இயந்திரம் இறுகி நின்றுபோதலும் கூடும்.

தாழ்ந்த பின்பலகையில் நெட்டைத் தண்டு மாட்டப்படும்பொழுது நேர்வது வேறு. கீழ்ப்பகுதி தேவைக்கு மேல் ஆழத்தில் இழுபடுவதால் வேகம் குறையும், எரிபொருள் வீணாகும், நெம்புகோல் போன்று அது பின்பலகையை அலைக்கும். ஆழமற்ற நீரில் விசிறி மண்ணையும் பாரையும் தட்டும். சுருங்கக் கூறின், குட்டைத் தண்டு இயந்திரத்தை அழிக்கும். நெட்டைத் தண்டு எரிபொருளையும் படகையும் தின்னும்.

இக்குறைகளுக்குப் பரிகாரங்கள் உண்டு. நெட்டைத் தண்டினை உயர்த்துவதற்குப் பின்பலகை மீது மரக்கட்டையொன்று வைத்து உயரம் கூட்டலாம். குட்டைத் தண்டினை இறக்குவதற்குப் பின்பலகையைக் குடைந்து வெட்டலாம். இரண்டாவது பரிகாரம் ஆபத்தானது. பின்னிருந்து துரத்திவரும் அலையைத் தடுப்பது பின்பலகையே. அதனைத் தாழ்த்தும்பொழுது, இயந்திரத்தின் குறை படகின் குறையாக, அதாவது படகில் இருப்போரின் உயிராபத்தாக மாற்றப்படுகின்றது. தண்டு மாறவில்லை, படகே மாறியது. இம்மாற்றத்தின் திசை மனங்கொள்ளத்தக்கது.

3

இனி, அம்மூன்று அளவுகளும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். நோர்வேயிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பவர் 1909 ஆம் ஆண்டளவில் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரிலிருந்து தமது இயந்திரத்தை விற்பனைக்கு விட்டார். அதற்கு முன்னரும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன எனினும், வெளியிணைப்பு இயந்திரம் பரவலான வணிகப் பொருளாகியது அவருடைய முயற்சியோடுதான். ஒன்றரைக் குதிரைவலு கொண்ட அவ்வியந்திரம் ஒருவர் தூக்கிச் செல்லத்தக்கது. விஸ்கொன்சின் ஏரிகள் நிறைந்த நிலப்பகுதி. அவ்வேரிகளில் வழங்கிய துடுப்புப் படகு, கூரிய முன்முனையும் தட்டையாக வெட்டப்பட்ட பின்பலகையும் உடையது. இயந்திரத்தின் பிடி அத்தட்டையான பலகையைக் கவ்வுவதற்கென்றே ஆக்கப்பட்டது. தண்டின் நீளம் அப்பலகையின் உயரத்தைப் பின்பற்றியது.

எனவே, இன்று உலகப் பொது அளவுகள் போலத் தோன்றுவன, உண்மையில் ஒரு குறிப்பிட்ட இடத்துப் படகு வடிவத்தின் அளவுகள். அங்கு இயந்திரம் படகைப் பார்த்துச் செய்யப்பட்டது. பின்னர் தொழிற்சாலை உற்பத்தி பெருகி, இயந்திரம் கண்டங்களைக் கடந்து விலையாகியபொழுது இவ்வுறவு தலைகீழாயிற்று. படகு இயந்திரத்தைப் பார்த்துச் செய்யப்படும் நிலை உருவாயிற்று. ஏரியிலே விளைந்த ஓர் அளவு, பெருங்கடலின் கரைகளிலே நியமமாகியது.

4

இவ்வியந்திரத்தை எதிர்கொண்ட எமது கலங்கள் யாவை? ஜேம்ஸ் ஹோர்ணெல் 1920 இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றியும், 1943 இல் இலங்கையின் மீன்பிடிக் கலங்களும் கரையோரக் கலங்களும் பற்றியும் எழுதிய ஆய்வுகள் இவ்விடத்துப் பெரிதும் உதவுவன. அவர் விவரித்த கலங்களுட் சிலவற்றை எடுத்துக்கொண்டால், அவற்றுக்கு எவின்றூட் அறிந்த தட்டைப் பின்பலகை இருக்கவில்லை என்பது புலனாகும்.

கட்டுமரம் மரக்குற்றிகளைக் கயிற்றாற் பிணைத்து ஆக்கப்படுவது. அதற்குச் சுவரும் இல்லை, பின்பலகையும் இல்லை. நீர் அதனூடே புகுந்து வெளியேறும்; மூழ்காமைக்குக் காரணமே அதுதான். இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்து இரட்டை உடலுடைய உல்லாசப் படகிற்குப் பெயராகியமை பலரும் அறிந்ததே. வடபகுதியில் வழங்கிய வள்ளங்கள் பல மலையாளக் கரையிலிருந்து தருவிக்கப்பட்டவை. ஒரே மரத்திற் குடையப்பட்ட அவை இருமுனையும் ஒடுங்கியவை.

தென்மேற்குக் கரையின் ‘ஒரு’ என்னும் சிங்களக் கலம் இன்னும் சிறப்பாக நோக்கத்தக்கது. அதன் ஒரு பக்கத்தே சற்று விலகி, இரு வளைகழிகளால் இணைக்கப்பட்ட ஒரு மிதவை உண்டு. பாய்விரித்து ஓடும்பொழுது அம்மிதவை எப்பொழுதும் காற்று வீசும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். திசைமாற வேண்டின், கலத்தைத் திருப்புவதில்லை. பாயையும் சுக்கானையும் மறுமுனைக்கு மாற்றி, முன்முனையைப் பின்முனையாக்கிச் செலுத்துவர். அதாவது, அக்கலத்திற்கு நிலையான முன்னும் பின்னும் கிடையா. இத்தகைய கலத்தின் ஒரு முனையில் இயந்திரம் பூட்டப்பட்டதும், அம்முனை என்றென்றைக்கும் பின்முனையாகிவிடுகின்றது. காற்றோடு இசைந்து முன்பின் மாறும் கலை, பயன்பாடிழந்து, ஒரு தலைமுறைக்குள் மறக்கப்படத்தக்கதாகின்றது.

இக்கலங்களை ஆக்கியோர் மாற்றங்களை அறியாத பழமைவாதிகள் என்று கருதுதல் தவறாகும். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கரொருவரால் வாங்கப்பெற்று, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர்மாற்றம் பெற்று, 1938 இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. மேலைத்தேயப் பாய்க்கப்பல் அமைப்பினை உள்வாங்கித் தம் கைமுறையிற் கட்டக்கூடிய மேத்திரிமார் இக்கரைகளில் வாழ்ந்தனர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். அவர்கள் இயந்திரத்தை அறியாதிருந்தனர் என்பதன்று. இயந்திரமயமாக்கம் திட்டமிடப்பட்டபொழுது அவர்களிடம் எவரும் அளவு கேட்கவில்லை என்பதே கருத்து.

5

சுதந்திரத்திற்குப் பிந்திய தசாப்தத்தில் இலங்கை அரசு கடற்றொழிலை இயந்திரமயமாக்கும் முயற்சியில் இறங்கியது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர்களும், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவும் இதற்கு உதவினர். 1950 களின் இறுதியில் 28 அடி நீளமும் மூன்றரைத் தொன் அளவும் கொண்ட உள்ளிணைப்பு டீசல் இயந்திரப் படகுகள் தவணைக்கடன் முறையில் வழங்கப்பட்டன. 1964 இல் கடற்றொழிற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1960 களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரை மையமாகக் கொண்டு சீநோர் திட்டம் தோன்றியது.

மூன்றரைத் தொன் படகின் விசிறி படகின் அடியில் நிலையாகப் பொருத்தப்பட்டது. ஆகவே, அதனைக் கட்டுமரம் போலவோ வள்ளம் போலவோ மணலில் இழுத்தேற்ற இயலாது. அது நங்கூரமிடுவதற்கு ஒதுக்கிடம் வேண்டும். இதன் விளைவாக, இயற்கைத் துறையோ அரசு கட்டிய துறைமுகமோ உள்ள இடங்களில் இப்படகுகள் செறிந்தன. திறந்த கரையை நம்பிய சிறு கிராமங்கள் பின்தங்கின. வடக்கில் மயிலிட்டி முன்னணித் துறையாக வளர்ந்தமைக்கு இது ஒரு காரணமாகும். இயந்திரத்தின் அமைவிடம் குடியிருப்பின் புவியியலையே மாற்றவல்லது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

வெளியிணைப்பு இயந்திரம் இவ்விடைவெளியை நிரப்ப வந்தது. அதனைச் சாய்த்து விசிறியை நீருக்கு மேலே தூக்கலாம். ஆதலின் மணலிற் கரையேறுதல் இயலும். முதலில் அது மரபுக் கலங்களிலேயே பூட்டப்பட்டது. பின்பலகையற்ற கலத்தில் அதனைப் பூட்டுவதற்குச் சில வழிகளே இருந்தன: கலத்தின் ஒரு முனையை வெட்டித் தட்டையாக்குதல், பின்முனைக்கருகே பக்கச்சுவரிற் சட்டமொன்று பொருத்தி அதிலே மாட்டுதல், குற்றிகளின் மேல் மரச்சட்டம் நிறுத்துதல். இவை ஒவ்வொன்றிலும் பிடி அமரும் உயரம் வேறுபடும். எனவே, 15 என்றும் 20 என்றும் தொழிற்சாலை விதித்த அளவு எவ்விடத்தும் அப்படியே பொருந்துதல் அரிது. பக்கத்தே மாட்டினால் உந்துவிசை நடுக்கோட்டிலிருந்து விலகும். சுக்கான் பிடிப்பவர் அவ்விலகலை ஓயாது ஈடுசெய்தல் வேண்டும்.

1970 களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டு, உதிரிப்பாகங்கள் அருமையாயின. அத்தகைய காலத்தில் இயந்திரம் வாங்குபவன் தண்டின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்திருக்க முடியாது. கிடைத்ததைப் பூட்டினான் என்று கொள்வதே பொருந்தும். 1977 இற்குப் பின்னர் இறக்குமதி தாராளமாயினும், அளவைத் தீர்மானிக்கும் உரிமை கரைக்கு வரவில்லை. அது சந்தையிடம் சென்றது.

இம்முரண்பாட்டினைத் தீர்த்தது கண்ணாடியிழைப் படகு எனலாம். ஏறத்தாழ 17, 18 அடி நீளமுள்ள இப்படகு, வெளியிணைப்பு இயந்திரத்திற்கென்றே தட்டைப் பின்பலகையோடு அச்சில் வார்க்கப்பட்டது. இங்கு தண்டு பொருந்தியது. ஆனால், பொருந்தியமைக்குக் காரணம் இயந்திரம் திருந்தியமையன்று, வள்ளம் மறைந்தமையே. 2010 களிற் கடற்றொழிற் புள்ளிவிபரங்களில் இவ்வகைப் படகுகள் 20,000 இற்கு மேற்பட்டிருந்தன. அப்புள்ளிவிபரங்களின் பாகுபாட்டு முறையும் கவனிக்கத்தக்கது. கலங்கள் அங்கு இயந்திரத்தின் பெயராலேயே வகுக்கப்படுகின்றன: உள்ளிணைப்பு இயந்திரப் படகு, வெளியிணைப்பு இயந்திரக் கண்ணாடியிழைப் படகு, இயந்திரம் பூட்டிய மரபுவழிப் படகு, இயந்திரமற்ற மரபுவழிப் படகு. கட்டுமரமும் தெப்பமும் வள்ளமும் ‘ஒரு’வும் தத்தம் பெயரை இழந்து, ‘மரபுவழி’ என்னும் ஒரே நிரலுள் ஒடுங்கிவிட்டன. பெயர் ஒடுங்கியவிடத்து அறிவும் ஒடுங்கும்.

6

யாழ்ப்பாணத்து வள்ளங்களின் பிறப்பிடமாகிய மலையாளக் கரையில் இதே காலத்தில் நிகழ்ந்தவற்றோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1952 இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் நிறுவனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்திற்கு அண்மையிலுள்ள நீண்டகரைப் பகுதியில் இந்திய-நோர்வே திட்டம் ஆரம்பமாயிற்று. உள்ளூர்க் கலங்களுக்கு இயந்திரம் பூட்டுதல் தொடக்கத்திற் கருதப்பட்ட வழிகளுள் ஒன்றாகும். அக்கலங்கள் இயந்திரத்திற்கு ஏற்றவை அல்ல எனக் கண்டு, புதிய படகுகள் வடிவமைக்கப்பட்டன. பின்னர் இறால் ஏற்றுமதியின் இலாபம் தெரியவந்ததும் இழுவைப்படகுகள் பெருகின. இதன் பயன் முதலுடையோரையே பெரிதும் சார்ந்தது என்பதைப் பொருளியலாளர் ஜோன் குரியன் தமது ஆய்வுகளில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

‘கலம் இயந்திரத்திற்கு ஏற்றதல்ல’ என்னும் தீர்ப்பினை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ‘இயந்திரம் கலத்திற்கு ஏற்றதல்ல’ என்றும் அதே உண்மையைக் கூறியிருக்கலாம். முதற்கூற்று புதிய படகிற்கும் அதற்கான முதலுக்கும் இட்டுச்செல்லும். இரண்டாவது கூற்று புதிய இயந்திரத்திற்கும் அதற்கான ஆராய்ச்சிக்கும் இட்டுச்சென்றிருக்கும். பொருந்தாமை என்பது இருபொருள்களுக்கு இடையிலான உறவு. அதனை ஒன்றின் குறையாகக் கூறுவது பொறியியல் முடிபு போலத் தோன்றினும், சமூகச் சார்புடைய முடிபேயாகும்.

1980 களின் தொடக்கத்தில் கேரளத்துச் சிறுதொழிலாளர் தாமே வெளியிணைப்பு இயந்திரங்களை வாங்கித் தம் கலங்களிற் பூட்டலாயினர். இழுவைப்படகுகளோடு ஒரே கடலிற் போட்டியிட வேண்டியிருந்தமை இதற்கு முதன்மையான உந்துதலாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ‘ஏற்றவை அல்ல’ எனத் தள்ளப்பட்ட மரபுக் கலங்களே அவை. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கிய பெல்ஜியப் பொறியியலாளர் பியர் ஜிலே தமது அனுபவங்களை 1985 இல் நூலாக வெளியிட்டபொழுது, அதற்குச் ‘சிறியது கடினமானது’ என்ற பொருள்படப் பெயரிட்டார். சிறு கருவியை மக்களின் கரைக்குப் பொருந்தச் செய்வது பெருங்கப்பல் கட்டுவதிலும் எளிதன்று என்பதனை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். சென்னையைத் தளமாகக் கொண்டு 1979 இலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும், அலைமோதும் கரையில் ஏறத்தக்கதாய், விசிறியை மேலே தூக்கக்கூடிய அமைப்பொன்றினை உருவாக்கியது. பொருத்தத்தைப் படகிலிருந்தும் கரையிலிருந்தும் தேடத் தொடங்கிய முயற்சிகளாக இவற்றைக் கருதலாம்.

தென்கிழக்காசியாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. தாய்லாந்திலும் மீகொங் கழிமுகத்திலும் தரையில் வேறு வேலைக்குப் பயன்படும் சாதாரண இயந்திரத்தை எடுத்து, நேரான நீண்ட தண்டொன்றினை அதனோடு இணைத்து, நுனியில் விசிறி மாட்டினர். அத்தண்டு நிலைக்குத்தாக நிற்பதில்லை. சரிவாக நீரைத் தொடும். ஓட்டுபவர் அதனை வேண்டியவாறு உயர்த்தவும் தாழ்த்தவும் கூடுமாதலின், ‘தவறான நீளம்’ என்னும் சிக்கலே அங்கு பெரும்பாலும் எழுவதில்லை. 1960 களில் மீகொங் கழிமுக விவசாயிகள் அதே தண்டினைக் குழாயொன்றினுள் அடக்கி நீரிறைக்கும் பொறியாகவும் மாற்றிக்கொண்டனர் என்பதை றொபேட் சான்சம் ஆராய்ந்து எழுதியுள்ளார். தண்டின் நீளத்தைத் தீர்மானிக்கும் உரிமை பயன்படுத்துவோர் கையில் இருக்கும்பொழுது, தொழில்நுட்பம் அவ்விடத்தில் வளர்கின்றது. அவ்வுரிமை தொழிற்சாலையிடம் இருக்கும்பொழுது, அது அவ்விடத்தில் விற்பனையாகின்றது.

7

பொருந்தாமையின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே எஞ்சியுள்ள வினா. கரையோரக் கடற்றொழிலிற் கூலி பெரும்பாலும் பங்காகவே வழங்கப்படுகின்றது. பிடிபட்ட மீனின் வருமானத்திலிருந்து முதலில் எரிபொருள் முதலிய செலவுகள் கழிக்கப்படும். எஞ்சியது கலத்திற்கும் வலைக்கும் இயந்திரத்திற்கும் தொழிலாளருக்கும் எனப் பிரிபடும். இயந்திரமும் கலமும் வலையும் சம்மாட்டியுடையதாயின் அப்பங்குகள் சம்மாட்டியைச் சேரும்.

இம்முறையில் தவறான தண்டின் விளைவு எவ்வாறு பகிரப்படுகின்றது என்பதைக் கவனிப்போம். ஆழத்தில் இழுபடும் நெட்டைத் தண்டும், காற்றை அள்ளும் குட்டைத் தண்டும் ஒவ்வொரு நாளும் கூடுதலான எண்ணெயைக் குடிக்கின்றன. அவ்வெண்ணெயின் விலை, பங்கு பிரிக்கப்படுவதற்கு முன்பாகவே பொதுத்தொகையிலிருந்து கழிகின்றது. ஆகவே, இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதிற் பங்குகொள்ளாத தொழிலாளியும் அதன் பிழைக்கு நாள்தோறும் தண்டம் செலுத்துகின்றான். ஓர் இயந்திரத்தின் அங்குலக் கணக்கு இவ்வாறு உழைப்பின் பங்குக் கணக்காக மாறுகின்றது. கணக்குப் புத்தகத்தில் இவ்விழப்பிற்கு நிரல் கிடையாது. அது ‘எண்ணெய்ச் செலவு’ என்னும் சொல்லினுள் மறைந்து கிடக்கின்றது.

எமது வடகடலிற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரி பெரும்பாலும் ஆழமற்றது. கோலூன்றிக் கலம் செலுத்தத்தக்க இடங்கள் அங்கு பல. பாக்குநீரிணையும் ஆழங்குறைந்த கடலே. படகின் பின்பலகைக்குச் சரியான தண்டு, கடலின் ஆழத்திற்குத் தவறானதாக இருத்தல் கூடும். சாதாளையிலும் மணல்மேட்டிலும் விசிறி சிக்குமிடத்து இயந்திரத்தைச் சாய்த்து ஓட்டவேண்டும். ஆழ்கடலை அடைந்து அலை எழுந்ததும் அதனை மீண்டும் தாழ்த்த வேண்டும். ஆகவே, கையேடு கூறும் பொருத்தம் இருபொருட் பொருத்தம். கரை கோருவது படகு, இயந்திரம், கடல் என்னும் முப்பொருட் பொருத்தம். மூன்றாவதனை அறிந்தவர்கள் கரையோர மக்களே.

கடலில் இயந்திரம் நின்றுபோதல் இங்கு வெறும் பொருளிழப்பன்று. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இந்திய, இலங்கைக் கடல்களுக்கிடையே எல்லை வகுத்தன. இயந்திரம் நின்ற படகு நீரோட்டத்தில் எல்லை கடப்பின், அதிலிருப்போர் கைதாதலும் உண்டு. போர்க்காலத்தில் வடபகுதி மீனவருக்கு எரிபொருள் மறுக்கப்பட்டது. இயந்திரத்தின் குதிரைவலுவும் மட்டுப்படுத்தப்பட்டது. 1990 இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். அத்துறை 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. எரிபொருளற்ற அவ்வாண்டுகளில் பாயும் துடுப்பும் மீண்டும் தேவைப்பட்டன. ஆனால், பின்பலகை வைத்து இயந்திரத்திற்கென வார்க்கப்பட்ட படகு பாய்க்கு உகந்த வடிவினதன்று. இயந்திரத்திற்காக வடிவத்தைக் கைவிட்ட சமூகம், இயந்திரம் மறுக்கப்பட்டபொழுது இருமடங்கு இழந்தது.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவி நிறுவனங்கள் பல கண்ணாடியிழைப் படகுகளைப் பெருந்தொகையாக வழங்கின. தரங்குன்றிய படகுகள் பற்றி உணவு விவசாய நிறுவனமே எச்சரிக்க வேண்டியதாயிற்று. படகு பெற்றவருக்கு இயந்திரமோ வலையோ கிட்டாத நிலையும் காணப்பட்டது. கொடுப்போரின் கணக்கிற் படகு ஓர் எண்; எடுப்போரின் வாழ்விலோ அது பொருத்தங்களின் தொகுதி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபொழுது, வெளியிணைப்பு இயந்திரப் படகுகளிற் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை என்பதால், பல கரைகளில் தொழில் முடங்கியது. அத்தகைய விலையில் ஓரங்குலப் பொருத்தமின்மையும் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவைத் தீர்மானிக்கும் பொருளாகின்றது.

8

இதுகாறும் கூறியவற்றால், இயந்திரமயமாக்கம் தீங்கானது என்றோ, பழைய கலங்களுக்குத் திரும்புதல் வேண்டும் என்றோ நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. கையாற் தண்டுவலித்துக் கடல் சென்றோரின் உடல்வருத்தத்தை இயந்திரம் பெருமளவு குறைத்தது. தூரக் கடலை எட்டச் செய்தது. கேரளத்துச் சிறுதொழிலாளர் தாமே அதனை வேண்டிப் பெற்றனர் என்பதையும் கண்டோம். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியைப் பழமையின் பெயரால் மறுப்பது முற்போக்கு நோக்காகாது. ஆனால், அவ்வளர்ச்சி எவருடைய அளவுகளின்படி நிகழ்கின்றது என்று வினவாது விடுவதும் முற்போக்கு நோக்காகாது.

பலகையை வெட்டியும் கட்டை வைத்து உயர்த்தியும் பக்கச்சட்டம் பூட்டியும், தொழிற்சாலை விட்ட குறையைக் கரையிலே நிரப்பியவர்கள் மேத்திரிமாரும் இயந்திரத் திருத்துநரும் மீனவருமாவர். அவர்களுடைய இவ்வறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. உடலுழைப்போடு சேர்ந்த அறிவை அறிவென்று மதியாத எமது சாதிய மனப்பாங்கும், ஏட்டில் உள்ளதையே சான்றாகக் கொள்ளும் எமது ஆய்வு வழக்கமும் இதற்குப் பொறுப்பாகும். பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத்துறையும் தமிழ்த்துறையும் புவியியற்றுறையும் பொறியியற் பீடங்களோடு சேர்ந்து, கலக்கட்டுமானச் சொற்களையும் அளவு முறைகளையும் பொருத்த முறைகளையும், அவற்றை அறிந்த முதியோர் எம்மிடையே இருக்கும்பொழுதே தொகுத்தல் அவசரப் பணியாகும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தின் காலமும் என்றென்றும் நீடிக்கப்போவதில்லை. அதற்குப் பதிலாக நாளை எவ்வகை உந்துவிசை வரினும், கடனாக வரினும் கொடையாக வரினும், அதுவும் ஒரு தண்டோடும் ஒரு பிடியோடும் ஓர் அளவோடும் வந்து இறங்கும். அப்பொழுது அளவுகோல் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. முதலிற் கடலின் ஆழம். அடுத்து கலத்தின் வடிவம். அதன் பின்னரே தண்டின் நீளம்.